அரியணை, இரண்டு தரம்!

முன்னொரு காலத்தில், சட்டம் போடுவதில் பித்துப் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் கோதண்டவர்மர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு புதுச் சட்டம் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எழுதித் தருகிறவர் நீதிமந்திரி திரிபுராந்தகர். மறுநாள் காலையில் தெருத்தெருவாகத் தண்டோரா. போன மாதச் சட்டம் புரிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஜனங்கள் உழுவதா, நெய்வதா, சட்டம் கேட்பதா?

சரி, பைத்தியக்காரத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆடி மாதம் வந்த சட்டத்தை அப்படி விட முடியாது. 'உயில் எழுதியவர் நேரில் சபைக்கு வந்து, இது நான் எழுதியதுதான் என்று சொல்ல வேண்டும். மூன்று நாளில் வராவிட்டால் உயில் செல்லாது. சொத்து ஏலத்துக்கு வரும். முன்பு எழுதிய உயில்களுக்கும் இது பொருந்தும். யாருக்கும் விலக்கில்லை.'

செத்தவன் எப்படி ஐயா நேரில் வருவான்? ராஜா இதைக் கேட்கவே இல்லை; முத்திரையைக் குத்திவிட்டார். திரிபுராந்தகருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுதினார். ஏலத்துக்கு வருகிற வீடுகளை எடுக்க அவருடைய மைத்துனன் நல்லமுத்து தயாராக இருந்தான். 'இரண்டு தரம்' என்ற குரல் கேட்டதும் கை தூக்குவான். மந்திரியின் மைத்துனன் தூக்கிய பிறகு வேறு எவன் தூக்குவான்? பத்தே நாளில் பதினோரு வீடுகள் அவனிடம் போய்விட்டன.

பன்னிரண்டாவது வீடு பேச்சியம்மாளுடையது. அவள் புருஷன் சடையப்பன் செக்கு ஆட்டிப் பிழைத்தவன். தனக்குப் பின்னால் அண்ணன்மார் பிடுங்கிக்கொள்ளக் கூடாதே என்று, நான்கு சாட்சி வைத்து, வீட்டையும் செக்கையும் மனைவிக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்மூடினான். அவ்வளவு முன்யோசனையோடு எழுதியதையும் செல்லாது என்றார்கள். பேச்சியம்மாள் நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகராசா, எம் புருசன் போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. நேர்ல வரச் சொன்னா நான் எங்கிட்டுப் போயிக் கூட்டியாருவேன்? நாளைக்கு வீட்டை விட்டு எறங்குன்னு சொல்றாங்க. எறங்கி எங்கே நிப்பேன்?"

ராஜாவைச் சிரிக்க வைப்பது விகடர் மாசிலாமணியின் வேலை. அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றார்.

"மன்னா, இது சட்டமல்ல, வழிப்பறி!"

ராஜாவின் முகம் கறுத்தது. திரிபுராந்தகர் இப்படி ஒரு தருணத்துக்காகப் பல வருஷமாகக் காத்திருந்தவர்.

"பிரபு, நாளைய ஏலத்தை விகடரே நடத்தட்டும். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றட்டும். தவறினால் நாட்டை விட்டு வெளியேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"சட்டப்படி ஏலத்துக்கு வரவேண்டிய எதையும் நான் விட்டுவிடக் கூடாதல்லவா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எதையும் விடக் கூடாது!" என்று மந்திரி முந்திக்கொண்டார்.

ஏலத்துக்கு வரும் சொத்தின் குறுக்கே கயிறு கட்டி, முடிச்சின் மேல் களிமண் முத்திரை வைப்பது அந்த நாட்டு வழக்கம். மறுநாள் ராஜா சபைக்கு வந்தபோது, அரியணையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. முடிச்சில் ஈரம் காயாத களிமண்.

"என்ன அக்கிரமம் இது! நான் எங்கே உட்கார்வது?"

"பேச்சியம்மாளும் நேற்று கிட்டத்தட்ட இதையேதான் கேட்டாள், மன்னா. மூத்தவர் இருக்க, இளையவரான தங்களுக்கு இந்த அரியணை வந்தது தங்கள் தந்தையார் எழுதிய உயிலால். சட்டம் கொடுத்த மூன்று நாள் கடந்துவிட்டது. உயில் எழுதிய பெரியவர் நேரில் வரவில்லை."

"அரியணை அரண்மனைச் சொத்து! அது இதில் சேராது!" என்று துள்ளினார் திரிபுராந்தகர்.

"அரண்மனையும் அதே உயிலில்தான் இருக்கிறது. அதை மதியத்துக்கு மேல் ஏலம் விடுகிறேன். யாருக்கும் விலக்கில்லை என்று எழுதியவர் தாங்கள்தானே?"

மாசிலாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூவினார்: "அரியணை, ஒரு தரம்! அரியணை, இரண்டு தரம்!"

பேச்சியம்மாள் வீட்டை எடுக்க வந்த நல்லமுத்து, கடைசி வரிசையில் வெற்றிலையை அடக்கியபடி கண் அயர்ந்திருந்தான். 'இரண்டு தரம்' காதில் விழுந்ததுதான் தாமதம், அவன் கை மேலே போய்விட்டது.

"என் அரியணையில் நீ உட்காரப் போகிறாயா?" என்று கர்ஜித்தார் ராஜா.

நல்லமுத்து சட்டென்று கையை இறக்கினான். "ஐயோ மகாராஜா! ரெண்டு தரம்னு சொன்னா கையைத் தூக்குடான்னு அத்தான்தான் சொல்லி வச்சிருக்காரு! எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் தூக்கினேன்!"

ராஜா மந்திரியைப் பார்த்தார். முத்திரை வைத்த அரியணையைப் பார்த்தார். தாம் நிற்கிற நிலையையும் பார்த்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு தம் முட்டாள்தனத்தை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது. பதினோரு குடும்பம் தெருவில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"பதினோரு வீடுகளும் உரியவர்களிடம் போக வேண்டும். சட்டத்தை ரத்துசெய்து தண்டோரா போட வேண்டும். எழுதியவரே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டும், மன்னா."

அப்படியே நடந்தது. பேச்சியம்மாளின் வாசலில் நின்று, "உயில் எழுதியவர் இறந்துபோனாலும் உயில் செல்லும்!" என்று தொண்டை கட்டக் கத்தினார் திரிபுராந்தகர். அவள் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள்.

"செக்குச் சத்தத்துல சரியா விழலீங்க, ஐயா. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு வாசலில் மட்டும் அவர் ஏழு முறை சொன்னார்.