துகள் போடாத பாத்தி

தோல் ஆலைக்குப் பின்னால் கன்னியம்மாளின் நிலம் இருந்தது. ஆலைக் கழிவோடு வந்த குரோமியம் அதில் ஊறிப்போய்ப் பல வருடங்களாகிவிட்டன. புல்கூட வளர்வதில்லை.

பேராசிரியர் வஹீதா அங்கே இரண்டு பாத்தி கட்டினார். இரண்டிலும் சோளம் விதைத்தார். ஒன்றில் மட்டும் நானோ இரும்புத் துகள்களைக் கலந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேருக்குள் போகாமல் தடுக்கும்.

துகள் போட்ட பாத்தியில் சோளம் இடுப்பளவு வளர்ந்தது. போடாத பாத்தியில் முளைத்ததெல்லாம் மஞ்சளாகிக் கருகியது.

அவருடைய ஆய்வு மாணவர் இன்பராஜ், பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வஹீதாவைவிட வயதில் மூத்தவர். சோளம் கதிர் விட்ட அன்று வரப்பில் உட்கார்ந்து அழுதார்.

ஆலை மேல் ஊர்க்காரர்கள் கொடுத்த புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் வரும் நாள் காலையில், அவருக்கு முன்னதாகவே ஆலை மேலாளர் ஆட்களோடு வந்தார். பந்தல் போட்டார். கருகிய பாத்தியின் மேல் பச்சைக் கம்பளம் விரிக்கச் சொன்னார்.

"என் நெலத்துல எதுக்குங்க இது?" என்று கேட்டார் கன்னியம்மாள்.

"பெரியவங்க வர்ற இடம்மா. பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?"

அங்கேயே நின்ற இன்பராஜ் தடுக்கவில்லை.

வஹீதா வந்தார். கம்பளத்தைப் பார்த்தார். "நீங்க இங்கதானே சார் இருந்தீங்க?"

"விடுங்க மேடம். நாம செடி வளர்க்க வந்தோமா, சண்டை போட வந்தோமா?"

வஹீதா நேராகப் போய்க் கம்பளத்தின் முனையைப் பிடித்து இழுத்தார். அது பாதி சுருண்டு வந்தது. மறுபாதியைக் கன்னியம்மாள் இழுத்தார்.

மேலாளர் ஓடிவந்தார். "மேடம், உங்க கண்டுபிடிப்பைத்தானே பெருமையா காட்டப் போறோம்! மண்ணு சரியாயிடுச்சுன்னு நீங்கதானே நிரூபிச்சீங்க?"

"செடி பிழைச்சுதுன்னு நிரூபிச்சேன். மண்ணு சரியாச்சுன்னு எப்ப சொன்னேன்?"

"என்னைக்கோ நடந்தது. அதை இப்ப கிளறணுமா?"

"என்னைக்கோவா? இதோ, இந்த நிமிஷம் உங்க ஆலைக் கழிவுக் குழாயில மஞ்சத் தண்ணி வந்துக்கிட்டிருக்கு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

வஹீதா பந்தலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கருகிய பாத்தியின் நடுவில் போட்டார். அதில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி வந்து இறங்கினார். மேலாளர் மாலையோடு எதிரே போய், "முதல்ல சோளத்தைப் பாருங்க சார்" என்றார்.

"பேராசிரியர் எங்கே?"

மேலாளர் சோளத்தின் பக்கமே கை காட்டினார். அதிகாரியே அவரைப் பார்த்துவிட்டார். பாத்திக்குள் இறங்கினார். காலடியில் மண் உப்புப்போலப் பொருபொருவென்று நொறுங்கியது. குனிந்து ஒரு கருகிய நாற்றைப் பிடுங்கினார். அதில் வேரே இல்லை.

"இதுதான் அந்த நிலமா?"

"இதுதாங்க என் நெலம்" என்றார் கன்னியம்மாள். "அந்தப் பச்சை, இந்த அம்மா போட்ட மருந்தால வந்தது."

அதிகாரி பந்தலுக்குள் போகவில்லை. மாலையும் வாங்கவில்லை. குழாய் இருந்த பக்கம் நடந்தார். அன்றே அதற்குச் சீல் வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆய்வை நிறுத்திவைக்க வேண்டுமாம். காரணம் சொல்லவில்லை.

இன்பராஜ் கொதித்துப்போய் வந்தார். "இப்ப திருப்திதானா மேடம்? எவ்வளவு பாடுபட்டோம்! நாம ஜெயிச்ச பாத்தி பக்கத்துலயே இருந்துச்சு. அதை விட்டுட்டு, தோத்த பாத்தியில போய் ஏன் உட்கார்ந்தீங்க?"

வஹீதா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பச்சையை மட்டும் பார்த்திருந்தா எல்லாரும் நம்மளைப் பாராட்டிட்டுப் போயிருப்பாங்க சார். ஆலைக்காரங்களை யாரு கேள்வி கேட்டிருப்பா?"