ஆற்றைத் தாண்டாத அழைப்பு

முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்த நாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூன்று நாட்டு முட்டாள்களை ஒரே மேசையில் உட்காரவைத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தென்னங்கரை, புன்னைக்கரை, மணல்மேடு என்று மூன்று குட்டி நாடுகள். மூன்றும் வெற்றிலை மாற்றிக்கொண்டு, நமக்குள் இனி ஒரே சந்தை என்று முடிவு செய்தன. கத்தரிக்காய் தடையில்லாமல் போனது. கருவாடு போனது, அதன் நாற்றமும் போனது. பேச்சு மட்டும் போகவில்லை. தென்னங்கரைக்கும் புன்னைக்கரைக்கும் நடுவே ஓர் ஆறு. அதைத் தாண்டி போன் போட்டால் பத்து மடங்கு கட்டணம். "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா" முடிவதற்குள் காசு தீர்ந்துவிடும்.

தென்னங்கரையில் தங்கப்பேச்சி என்று ஒருத்தி. அவள் மகள் பவளக்கொடியைப் புன்னைக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. மகளுக்கு நிறைமாதம். இரண்டு பேரும் மிஸ்டு காலில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். காலையில் ஒருமுறை அடித்தால் சுகம். இரண்டுமுறை அடித்தால் வலி வந்துவிட்டது, ஓடி வா. சுக்கும் நல்லெண்ணெயும் பழஞ்சேலையும் கட்டிய மூட்டை தங்கப்பேச்சியின் வாசற்படியிலேயே இருந்தது.

கட்டணத்தைப் பற்றி ஊர் உலகமெல்லாம் புலம்பவே, மூன்றுக்கும் பொதுவான தலைநகரிலிருந்து ஓர் ஆணையம் போட்டார்கள். தென்னங்கரையின் ஆபத்சகாயம் தலைவர். புன்னைக்கரையின் உலகளந்தானும் மணல்மேட்டின் நல்லக்குட்டியும் உறுப்பினர்கள். உத்தரவு ஒரே வரி: எல்லை தாண்டிய அழைப்பு என்று இனி ஒன்று இருக்கக் கூடாது, எல்லாம் உள்ளூர் அழைப்பாகவே இருக்க வேண்டும்.

கட்டணத்தைக் குறை என்று அதற்குப் பொருள். வண்டி மாட்டுக்கும் புரிந்திருக்கும். ஆனால் மாட்டை யாரும் ஆணையத்தில் போடவில்லை.

முதலில் அழைப்பு எல்லை தாண்டுவதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று மூவரும் படித்துறையில் உட்கார்ந்தார்கள். மத்தியானம்வரை ஒரு மீன்கொத்திதான் தாண்டியது. அதை அழைப்பு என்று எழுதிக்கொண்டார் உலகளந்தான். அது வாயில் மீனோடு திரும்பி வந்ததும், பதில் கிடைத்த அழைப்பு என்று திருத்தினார் நல்லக்குட்டி.

பிறகு ஆலோசனை நடந்தது.

"அழைப்பு ஏன் ஆற்றைத் தாண்டுகிறது?" என்று கேட்டார் ஆபத்சகாயம்.

"கூப்பிடுகிறவன் ஒரு கரையிலும் எடுக்கிறவன் இன்னொரு கரையிலும் இருப்பதால்" என்றார் உலகளந்தான்.

"இரண்டு பேரும் ஒரே கரையில் இருந்தால்?"

"உள்ளூர் அழைப்பு."

மூவரும் எழுந்து ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

மறுநாளே தண்டோரா. அக்கரையில் உள்ளவரிடம் பேச விரும்புகிறவர் படகேறி அக்கரை போய், அங்கே நின்று போன் போட வேண்டும். மிஸ்டு காலுக்கும் அதே சட்டம், ஏனென்றால் மணியோசையும் ஆற்றைத் தாண்டுகிறது. மீறினால் போன் பறிமுதல்.

முதல் ஆளாக ஓர் உப்பு வியாபாரி அக்கரை போய், கூட்டாளிக்கு எதிரில் நின்று போன் போட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். உன் எதிரேதான் என்றான் அவன். சத்தம் துல்லியமாகக் கேட்பதாக ஆணையம் குறித்துக்கொண்டது.

மூன்று நாளாகத் தங்கப்பேச்சிக்கு மணி அடிக்கவில்லை. நாலாம் நாள் பொறுக்கமுடியாமல், அக்கரை போய் மகளுக்குப் போன் போடலாம் என்று மூட்டையோடு படகோட்டி அந்தோணியின் படகில் ஏறினாள். அதே நேரம் அக்கரையில் மகளுக்கு வலி எடுத்தது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே, அவளும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சூசையின் படகில் ஏறினாள். கரை சேருமுன் பொத்தானை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆணையமும் அதே படகில் ஏறியது.

நட்டாற்றில் படகுகள் இரண்டும் சந்தித்தன.

"அடியே, இந்த நெலமையில எங்கடி கெளம்புனே?"

"வலி வந்துட்டும்மா. அதைச் சொல்லத்தான் போன் போட வர்றேன்."

தங்கப்பேச்சி மகளின் படகுக்குத் தாவினாள். உலகளந்தான் கையைத் தூக்கி, நேரில் சொன்ன சேதி அழைப்பில் சேருமா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

"தீர்மானிங்க சாமி. மூணு பேரும் அந்தப் படகுக்குப் போய் முதுகைக் காட்டி உக்காந்து தீர்மானிங்க. எவனாவது திரும்பினா துடுப்பாலயே மொத்துவேன்" என்றாள்.

அவர்கள் தீர்மானித்து முடிப்பதற்குள் குழந்தை பிறந்து வீல் என்று அழுதது. அந்த அழுகை கேட்டு, என்ன பிள்ளை என்று இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் கூவினார்கள். பொம்பளப் பிள்ளை என்று சூசை இரண்டு பக்கமும் கூவினான்.

ஆணையம் அந்த அழுகையை எடைபோட்டது. செல்போன் கோபுரம் இல்லை, கட்டணம் இல்லை, இரண்டு கரையிலும் ஒரே தெளிவு. வேலை முடிந்தது, தலைநகருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதுதான். எதன் வழியாக அனுப்புவது என்பதில் மட்டும் மூவருக்கும் சந்தேகமே வரவில்லை.

கரை சேர்ந்ததும், மகளைக் கைத்தாங்கலாக இறக்குவதற்காகத் தங்கப்பேச்சி குழந்தையைப் படித்துறையில் உட்கார்ந்திருந்த ஆபத்சகாயத்தின் மடியில் வைத்தாள். அவர் குனிந்து, தேதியிலிருந்து தொடங்கி முழு அறிக்கையையும் அதன் காதில் ஒப்பித்தார். குழந்தை மறுபடி வீல் என்றது.

"போய்ச் சேர்ந்துவிட்டது" என்றார் நல்லக்குட்டி.

மூவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் தலைவரின் வேட்டியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

"பதில் வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்றார் தலைவர்.

உலகளந்தான் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மை காயவில்லை" என்றார்.

ஆபத்சகாயம் பொழுது சாயும்வரை வெயிலில் நின்றார். காய்ந்தபின் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அப்படியானால் இது ரகசியக் கடிதம் என்று வேட்டியை அவிழ்த்து மடித்து, அரக்கு முத்திரை வைத்து, வெறும் கோவணத்தோடு தலைவர் முன்னே நடக்க, உறுப்பினர்கள் பின்தொடர, அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தலைநகருக்குப் புறப்பட்டார்கள்.