கதவுக்கு முதுகு கொடுத்தவள்

ஒரு ஊரில் ஒரு பெரியாஸ்பத்திரி இருந்தது. அதில் பெண்கள் வார்டின் கோடியில் ஒரு பாத்ரூம். அதற்கு ஒரு தகரக் கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எப்போதோ கழன்று விழுந்தது, திரும்ப மாட்ட யாரும் வரவில்லை.

அதனால் அந்த வார்டுப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. உள்ளே போகிறவள் இன்னொருத்தியைக் கூப்பிடுவாள். "செத்த நேரம் நில்லுக்கா." கூப்பிடப்பட்டவள் வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள். பிறகு இவள் உள்ளே போவாள், அவள் நிற்பாள். ஒருத்தி பேர் இன்னொருத்திக்குத் தெரியாது. அவரவர் சாமியை ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போவார்கள்.

கதவுக்கு இதில் கொஞ்சம் பெருமை. "தாழ்ப்பாள் இருந்தப்போ என்னை யாரு சீண்டுனா? இப்பப் பாரு, எத்தனை பேர் சாஞ்சு நிக்கிறாங்க!" என்று உள்ளே இருந்த பக்கெட்டிடம் சொல்லும்.

"குடுத்து வச்சவ நீ. என்னைக் கவுக்கத்தான் வர்றாங்க எல்லாரும்" என்று பக்கெட் சடைத்துக்கொள்ளும்.

ஆனால் கதவுக்குள் ஒரு பயமும் இருந்தது. முன்பு ஒரு தடவை, காவலுக்கு நின்றவளை ஊசி போடக் கூப்பிட்டார்கள் என்று அவள் நகர்ந்த நேரம், குடித்துவிட்டு வந்த எவனோ ஒருத்தன் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டான். உள்ளே குளித்துக்கொண்டிருந்த பிள்ளை அலறிவிட்டது. பெண்கள் எல்லாரும் ஓடிவந்து அவனை அடித்து விரட்டினார்கள். கதவுக்குத்தான் ஆறவில்லை. நான் இருந்தும் தடுக்க முடியவில்லையே என்று அது காற்றடித்தால்கூட நடுங்கியது.

ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் மயங்கி விழுந்த சந்திரிகா என்கிற திருநங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் ஆண்கள் வார்டில்தான் போட்டார்கள். அங்கே ஒருத்தன் விசிலடித்தான். இன்னொருத்தன் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கலைமணி சிஸ்டர் அதைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு பெண்கள் வார்டுக்கு வந்துவிட்டாள்.

எதிர்க் கட்டிலில் பாக்கியவதி உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் ஜெபசெல்வி, பத்தாவது படிக்கிற பிள்ளை, நீர்ச்சுருக்கு முற்றிக் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"என்ன சிஸ்டர் இது? அதைக் கொண்டாந்து இங்க படுக்க வைக்கிறீங்க? வயசுப் பிள்ளை இருக்கால்ல?"

"உடம்புல சொட்டுத் தண்ணி இல்லம்மா. டிரிப்ஸ் ஏத்தலைன்னா கிட்னி போயிரும்."

"ஏத்துங்க, யாரு வேண்டாம்னா? பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே இல்ல, அதைச் சொல்றேன்."

சந்திரிகா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பயப்படாதீங்கக்கா. நான் கட்டிலை விட்டு எறங்கவே மாட்டேன். பாட்டில் முடிஞ்சதும் போயிருவேன்."

சிஸ்டர் ஊசியைக் குத்தி, பாட்டிலை மாட்டிவிட்டுப் போனாள்.

டிரிப்ஸ் பாட்டிலுக்கு ஒரே குஷி. "நான் இறங்க இறங்க முகம் எப்படித் தெளியுது பார்த்தியா!" என்றது. தலைமாட்டில் சந்திரிகாவின் பையும், அதிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "ஏம்ப்பா, நீ நெறைய இருக்கியே, உன்னை ஏன் குடிக்கலை இவ?" என்று தண்ணீர் பாட்டிலைக் கேட்டது.

"நான் இவகூட ரொம்ப நாளா இருக்கேன்" என்றது தண்ணீர் பாட்டில். "காலையில நெறச்சு எடுத்துட்டு வருவா. சாயங்காலம் நெறயாவே திரும்பிப் போவேன். வெளிய வந்தா உதட்டை நனைக்கிறதோட சரி."

"தாகம் எடுக்காதா?"

"எடுக்கும். குடிச்சா எங்க போறது? ஆம்பளைங்க பக்கம் போனா அசிங்கமாப் பேசுறானுங்க, பொம்பளைங்க பக்கம் போனா கத்துறாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் வாயைக் கட்டிக்கிறா. நான் பாரம், அவ்வளவுதான்."

டிரிப்ஸ் பாட்டில் திடுக்கிட்டது. "அப்போ நான்?"

"உன்னைத்தான் அவளால வேண்டாம்னு சொல்ல முடியலையே. நரம்பு வழியா உள்ள போயிட்ட. போன தண்ணி வெளிய வர எடம் கேக்குமா கேக்காதா?"

டிரிப்ஸ் பாட்டிலுக்குக் குஷி போய்விட்டது. மெதுவாகச் சொட்டிப் பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்தது. முடியவில்லை. சிஸ்டர் வைத்த அளவில் அது சொட்டிக்கொண்டே இருந்தது.

வெயில் சாய்வதற்குள் சந்திரிகாவுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. காலோடு காலைப் பின்னிக்கொண்டாள். நெற்றி வேர்த்தது. போர்வையை வாயில் கடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

பாத்ரூம் பக்கம் இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

"பெண்கள் மட்டும்னு என் மேல எழுதியிருக்கு" என்றது மேலே தொங்கிய பலகை. "எழுதினதைப் படிக்கிறதுதான் என் வேலை. யோசிக்கிறது என் வேலை இல்ல."

"அவ மனசுல என்ன எழுதியிருக்குன்னு நீ போய்ப் படிச்சியா?" என்றது பக்கெட். "என்னைக் கேட்டா, இங்க வர்ற அத்தனை பேரும் ஒரே வேலைக்குத்தான் வர்றாங்க. நான் இத்தனை வருஷமாப் பாக்குறேன், புதுசா ஒண்ணும் நடக்கலை."

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றது கதவு. "அந்தப் பிள்ளை அலறினதை நீயும் கேட்டேல்ல? பாக்கியவதி பயப்படுறது தப்பா? பயந்தவகிட்டப் போய்ப் பயப்படாதன்னு சொல்றது லேசு. தாழ்ப்பாள் இல்லாம நிக்கிறவளுக்குத்தான் தெரியும்."

 பக்கெட்டும் அந்த அலறலைக் கேட்டுத்தான் இருந்தது.

அப்போது வார்டில் சந்திரிகாவின் குரல் கேட்டது. "சிஸ்டர், போதும். கழட்டிருங்க."

"பாதிகூட இறங்கலை, என்ன விளையாடுறியா?"

"வீட்டுல போய்த் தண்ணி குடிச்சுக்கறேன் சிஸ்டர். சத்தியமாக் குடிக்கிறேன். இப்பக் கழட்டிருங்க."

"இப்பக் கழட்டினா நாளைக்கு உன்னைத் தூக்கிட்டு வருவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

 சந்திரிகா பிளாஸ்டரைத் தானே உரிக்க ஆரம்பித்தாள்.

எதிர்க் கட்டிலில் ஜெபசெல்வி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா."

"நீ படு."

"அம்மா, அந்தக்கா காலைப் பாரேன். நான் ஸ்கூல்ல அப்படித்தாம்மா உக்காந்திருப்பேன்."

பாக்கியவதி திரும்பிப் பார்த்தாள். பின்னிக்கிடந்த அந்தக் கால்களைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் நாறுகிறது, பையன்கள் எட்டிப்பார்க்கிறார்கள் என்று மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கி அடக்கித்தானே இந்தக் கட்டிலில் வந்து விழுந்தாள்? அதைக் கேட்டதும் அன்றைக்கு எப்படி அழுதாள் பாக்கியவதி! ஏண்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாளே.

"யேசப்பா" என்றாள் மெதுவாக.  அவள் கை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து போய்ச் சந்திரிகாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், விடு அதை. ரத்தம் வருது பாரு. எந்திரி."

"இல்லக்கா, நான்…"

"எந்திரிங்கிறேன். பாட்டிலை நான் பிடிச்சுக்கிறேன்."

சந்திரிகா அவளை நம்பாமல் பார்த்தாள். "என்னைப் பார்த்துப் பயந்தீங்களேக்கா."

"ஆமா, இருக்கு. இப்பவும் இருக்கு. அதுக்காக நீ அடக்கிட்டே கெடந்து சாவியா? நட."

கலைமணி சிஸ்டர் பாட்டிலைக் கழற்றிப் பாக்கியவதி கையில் கொடுத்தாள். பாக்கியவதி அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். குட்டையான உடம்பு, குதிகாலை எக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் வார்டின் நடுவே நடந்தார்கள். எல்லாக் கட்டிலும் பார்த்தது. யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பாக்கியவதி திரும்பவில்லை. டிரிப்ஸ் பாட்டில் அவள் கைச்சூட்டில் மெல்ல ஆடிக்கொண்டே போயிற்று. யாரும் என்னை இப்படி ஏந்திக்கொண்டு போனதில்லை என்று நினைத்துக்கொண்டது.

பாத்ரூம் சுவரில் ஒரு ஆணி இருந்தது. பாட்டிலை அதில் மாட்டிவிட்டுப் பாக்கியவதி வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். முதுகைச் சாய்த்து நின்றாள்.

கதவு வழக்கம்போல் அந்த முதுகைத் தாங்கிக்கொண்டது. தாங்கியதும் அதற்கு ஆச்சரியமாக இருந்தது. முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம், யாராவது தள்ளிவிடுவார்களோ என்று சந்திரிகா ஒரு உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்தியிருந்தாள். அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த தகரத்துக்கு இந்த நடுக்கம் எது, அந்த நடுக்கம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஏய் பக்கெட்" என்று கிசுகிசுத்தது கதவு. "பயமில்லாம நிக்கிறவளை நான் தினம் பாக்குறேன். பயந்துக்கிட்டே நகராம நிக்கிறவளை இன்னைக்குத்தான் பாக்குறேன். இவ முதுகு என் மேல படுறதுக்கு நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ!"

 பலகை தன்மேல் இருந்த எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வார்டிலிருந்து ஒரு பெண் தோளில் துண்டோடு வேகமாக வந்தாள். கதவருகே வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை உருட்டிக் கேட்டாள்: "யாருக்கா உள்ள? நம்மளை மாதிரியா? இல்ல, அந்த ஸ்ட்ரெச்சர்ல வந்துச்சே, அதா?"

பாக்கியவதி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள ஆள் இருக்கு" என்றாள். "பொறு."