துரையின் நுனி முடி

குன்னூரில் நாய்க் கண்காட்சி நடக்கிற நாள். புல்வெளி ஓரமாகப் போட்டிருந்த கூடாரங்களில் ஒன்றில் பெனினா வேலையாக இருந்தாள். நீள முடி நாய்களைச் சீவி, நறுக்கி, போட்டிக்குத் தயார் செய்வது அவள் தொழில்.

அவளுக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் தாவீது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு அப்பா வயது.

“மாஸ்டரையும் பாரு, சிஷ்யனையும் பாரு!” என்று பக்கத்துக் கூடாரத்துக்காரர் சிரிப்பார். தாவீது கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இறந்துபோன மனைவி லில்லி வளர்த்த, தரையைத் தொடும் முடியுள்ள லாசா ஆப்சோ இன நாய், அவள் ஆசைப்பட்டபடி ஒரு தடவையாவது போட்டி வளையத்தில் நடக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையைக் கற்க வந்தார். நாயின் பெயர் துரை.

துரையைக் குளிப்பாட்டி, உலர்த்தி, முதுகில் நேர் வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் முடியைச் சீவி இறக்கியாயிற்று. இனி மேசை விளிம்பில் நிறுத்தி, விளிம்புக்குக் கீழே தொங்கும் நுனியை ஒரே சீராக நறுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

தாவீது கத்தரியை எடுத்தார். சரக், சரக் என்று சத்தம் கேட்டது.

பெனினா இன்னொரு நாயின் காதைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

“என்னண்ணே, சத்தம் மட்டும் வருது? கீழே ஒரு முடியைக்கூடக் காணோமே.”

தாவீது தலையைக் குனிந்துகொண்டார்.

“காத்தைத்தான் வெட்டினேன், மாஸ்டர்.”

“கை நடுங்குதா?”

“இல்லை.”

“பின்னே?”

அவர் ஒரு கற்றை முடியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

“முடி வேர்லேர்ந்துதானே வளருது? அப்போ இந்த மேல்பக்கமெல்லாம் அவ போனப்புறம் நான் சீவி வளர்த்தது. நுனி மட்டும் லில்லி இருந்தப்போ முளைச்சது. தினம் சாயங்காலம் மடியில போட்டுச் சீவுவா. சிக்கு இழுத்துட்டா இவன்கிட்டயே மன்னிப்புக் கேப்பா. இதையும் வெட்டிட்டா, அவ கை பட்டதுன்னு எனக்கு என்ன மிச்சம்?”

பெனினா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். துரையைத் தூக்கிப் புல்லில் விட்டாள்.

“அந்த வேலிகிட்ட போய் நின்னு இவனைக் கூப்பிடுங்க.”

தாவீது போய் நின்றார்.

“துரை! வாடா கண்ணு!”

துரை பாய்ந்து ஓடி வந்தது. முன்னங்கால் தன் முடியையே மிதித்தது. மூக்கு புல்லில் உரச விழுந்தது. எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மறுபடி ஓடியது. மறுபடி விழுந்தது.

“துரைக்குக் காலையிலேயே மப்பு போல!” என்றார் பக்கத்துக் கூடாரத்துக்காரர்.

தாவீது சிரிக்கவில்லை. வீட்டில் முடி அழுக்காகிவிடுமே என்று துரையை எங்கும் தூக்கிக்கொண்டே போகிறவர் அவர். அது ஓடி வருவதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

விழுந்தாலும் துரையின் வால் தாழவில்லை. கடைசியில் வந்து சேர்ந்து, அவர் செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

தாவீது அதைத் தூக்கிவந்து மேசை விளிம்பில் நிறுத்தினார். தாடியில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். சீப்பால் முடியை மறுபடி சீவி இறக்கினார். பிறகு கத்தரியை எடுத்தார்.

இந்தத் தடவை முடி விழுந்தது. வெள்ளையும் பழுப்புமாக அவர் காலடியில் சேர்ந்தது. பெனினா பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கும் திருத்தம் சொல்லவில்லை.

நறுக்கி முடித்ததும் தாவீது கைக்குட்டையை விரித்து, மண்டியிட்டு, முடியைச் சேகரிக்கத் தொடங்கினார். புல்லுக்குள் புகுந்திருந்த இழைகளையும் விரலால் துழாவினார். ஒலிபெருக்கியில் லாசா ஆப்சோ நாய்களை வளையத்துக்கு அழைத்தார்கள். அவர் எழவில்லை.

“மாஸ்டர், இதை நான் வச்சுக்கலாமா?”

“அதையும் வச்சுக்குங்கண்ணே” என்றாள் பெனினா. “முதல்ல துரையைக் கீழே இறக்குங்க. அவங்க வளர்த்தவன் உங்களையே பார்த்துக்கிட்டு நிக்குறான்.”