குலுக்கலில் வந்த பெயர்

பஸ் டிக்கெட் கம்பெனி முதலாளி சங்கரலிங்கத்துக்கு ஒரே பெருமை: “நம்ம சாஃப்ட்வேர் விழுந்தாலும் தானா எந்திரிக்கும்!” விழுந்ததையெல்லாம் மூலையில் உட்கார்ந்து எழுப்பிவிட்டது ஆபரேட்டர் மரியபுஷ்பம் என்பது அவருக்குத் தெரியாது.

“அப்புறம் நீ எதுக்கு? பணம் போடுறவங்க முன்னாடி சோதிச்சுக் காட்டிட்டு இன்னிக்கே கிளம்பு,” என்றார் அவளிடம். “இங்க ஓடுறது எல்லாத்தையும் சீட்டெழுதிக் குலுக்கு. வந்ததை நிறுத்து. ஒண்ணையும் விடாதே.”

“விடமாட்டேன் சார்.”

பணம் போடவிருந்த விருந்தாளிகள் வந்தார்கள். முதலாளியே சீட்டெடுத்தார். முன்பதிவுப் புரோகிராம் வந்தது. நிறுத்தினாள்; மூலையில் அவள் ஏதோ தட்ட, அரை நிமிடத்தில் எழுந்தது. கைதட்டினார்கள்.

அடுத்த சீட்டைப் பிரித்தவர் முறைத்தார். “இதென்ன, உன் பேரு?”

“நானும்தான் சார் காலையிலேருந்து ஓடிக்கிட்டிருக்கேன்.”

விருந்தாளிகள் சிரித்தார்கள். “நிறுத்துங்க, பார்ப்போம்!”

மரியபுஷ்பம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

மூன்றாவது சீட்டில் கட்டணப் புரோகிராம். முதலாளி தன் கையாலேயே நிறுத்தினார். அரை நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. எல்லா போன்களும் அலறின.

“புஷ்பம்… கொஞ்சம் பாருங்கம்மா,” என்றார். அவர் வாயிலிருந்து அவளுக்கு முதல் ‘ங்க’.

“என்னை நிறுத்திட்டீங்களே சார். திரும்ப ஓட வேலை உத்தரவு வேணும்.”

விருந்தாளி ஒருவர் பேனாவைத் திறந்து முதலாளியிடம் நீட்டினார்.