ஏழாவது சம்மதம்

நல்லூற்று மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனம்விட்டுப் பேச யாராவது குருவின் முன் உட்கார்ந்தால் மணி அடிக்கும். முற்றத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கிணற்றுக்கு அப்பால் போய்விட வேண்டும். யார் காதிலும் எதுவும் விழக்கூடாது.

மணி சிவக்கொழுந்தின் பொறுப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்துமூன்று. குரு இமயவல்லிக்கு நாற்பத்துநான்கு. ஞானத்துக்குப் பணிமூப்புப் பட்டியல் கிடையாது என்பதை அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு பதினொரு வருடமாகிறது. மணி அடித்தால் மடத்து நாயைக்கூட விரட்டிவிட்டுத்தான் தானும் நகர்வார்.

அன்று காலை கைபேசியோடு வந்தார்.

"அம்மா, ஒரு ஆப் போட்டிருக்கேன். யார் என்னைக்கு வரணும்னு இதுவே அவங்களுக்கு ஞாபகப்படுத்திடும். இனிமே யாரும் நாள் மாறி வந்து வெயில்ல நிக்க வேண்டாம்."

"நல்லதுதானே. பதிலுக்கு அது என்ன கேக்குது?"

"ஒண்ணுமே இல்லைம்மா, இலவசம். ஆறு தடவை சம்மதமான்னு கேட்டுச்சு. ஆறும் அழுத்திட்டேன்."

"எதுக்கெல்லாம்?"

சிவக்கொழுந்து கண்ணாடியைத் துடைத்தார். "மைக்குன்னு ஒண்ணு வந்துச்சு. மத்ததைப் படிக்கலை. ரொம்ப நீளம்."

"பஞ்சாங்கத்துல அச்சுப்பிழை பிடிச்சு லெட்டர் போட்ட ஆளு நீங்க."

"ஏழாவதைப் படிச்சேன்மா. இங்க வந்துபோன இருநூறு பேரோட நம்பரையும் கேக்குது. அதையும் அழுத்திட்டா வேலை முடிஞ்சுது. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?"

"மணி அடிங்க," என்றார் இமயவல்லி.

அடித்தார். கூட்டம் விலகியது. நாயையும் விரட்டினார்.

"பேச வந்தது யாரும்மா?"

"நீங்கதான். முதல் நாள் இங்க உட்கார்ந்து ஒண்ணு சொல்லி அழுதீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சிவக்கொழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். பாயில் கைபேசி கிடந்தது. ஏழாவது கேள்வி இன்னும் திரையில் ஒளிர்ந்தது. வாயை மூடிக்கொண்டார். கைபேசியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இதைக் கிணத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிட்டு வந்துடறேன்."

"ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னீங்க?"

"எனக்கு இல்லைம்மா. அது என் தம்பி விஷயம். அவனைக் கேக்காம நான் எப்படி…"

வாக்கியத்தை முடிக்காத மாணவர்களை முப்பது வருடம் பெஞ்சு மேல் ஏற்றியவர், அப்படியே நின்றார்.

பிறகு துண்டைப் பிரித்தார். 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினார். அப்படியானால் தன்னால் சேவை செய்ய இயலாது என்று செயலி மரியாதையாக வருத்தம் தெரிவித்தது. அவரும் மரியாதையாக அதை அழித்தார்.

"நாள் மாறி வர்றவங்களை இனிமே என்னம்மா பண்றது?"

"நிழல்ல உட்கார வெச்சு மோர் குடுங்க," என்றார் இமயவல்லி. "அப்படியே அந்த நாயை உள்ள கூப்பிடுங்க, பாவம். அது எதைக் கேட்டாலும் எங்கயும் கொண்டுபோகாது."