சிறப்புரையாளர் வரும்வரை

கேள்வியோடு வந்தவள் முத்தரசி. கணக்கில் முதுகலை முடித்து, ஆசிரியர் பட்டமும் வாங்கி, அரசு வேலைக்கான தேர்விலும் தேறியவள். நியமன ஆணை வரும் வரும் என்று தனியார் பள்ளியில் அரைச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாலத்தீவில் ஒரு பள்ளி அவளை வேலைக்கு அழைத்திருந்தது. மறுநாள் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்கப்பட்டவர் அம்பலவாணன். பஞ்சாலைச் சங்கத்தைக் கட்டியவர். ஆலை போனபிறகும் சங்கக் கொட்டகையை விடாமல், அதைப் படிப்பகமாக்கிச் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்தார். முத்தரசி அங்கே படித்தவள். இப்போது அங்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். அவள் போனால் வேறு ஆள் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

அன்றைக்குப் பேருந்து நிலைய முக்கில் தெருமுனைக் கூட்டம். தெற்குத் தெரு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி அதை வேறு பள்ளியோடு இணைக்கப்போகிறார்கள். மூடுவது என்று யாரும் சொல்வதில்லை. ஆலையையும் முதலில் இணைக்கத்தான் செய்தார்கள்.

கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி முத்தரசி எல்லாவற்றையும் கொட்டினாள். போனால் வீடு நிமிரும். இருந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் இருக்காது. ஆனால் அந்த ஆணை எப்போது வரும் என்பது ஆணை போடுகிறவர்களுக்கே தெரியாது. அம்பலவாணன் மறுமுனையில் முடிச்சுப் போட்டபடி காதில் வாங்கிக்கொண்டார்.

"போகட்டுமா தோழர், இருக்கட்டுமா?"

"நோட்டீஸ்ல சிறப்புரை கதிரேசன்னு போட்டிருக்கு. முன்னால பேச ஆள் வேணும். ஏறு."

முன்னால் பேசுகிறவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கூட்டத்தைக் கலைய விடக்கூடாது. விஷயத்தையும் தொடக்கூடாது, அது சிறப்புரையாளருக்கு உரியது. வந்தவர்களை வரவேற்கலாம், விலைவாசியைத் திட்டலாம், இதோ வந்துகொண்டிருக்கிறார் என்று அடிக்கடி சொல்லலாம். எத்தனையோ கூட்டங்களில் முத்தரசி இப்படிப் பேசியிருக்கிறாள். நன்றாகவே பேசுவாள்.

அன்றும் வரவேற்றாள். திட்டினாள். இதோ வருகிறார் என்றாள். பொழுது இறங்கியது, கூட்டமும் கரைந்தது. காய்கறிப் பையோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவள் அம்பலவாணனைப் பார்த்தாள். அவர் டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, பேசு என்று தலையை ஆட்டினார்.

பூக்கடை செல்லக்கனிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏ புள்ள, உங்க ஆளு என்ன மாட்டுவண்டியிலயா வர்றாரு? எனக்கு உலை வைக்கணும். சொல்ல வேண்டியதை நீயே சொல்லித் தொலை."

சிரிப்பு எழுந்தது. முத்தரசிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுபடியும் அவரைப் பார்த்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அவள் விஷயத்தைத் தொட்டாள். தான் வாய்ப்பாடு படித்த பள்ளி அது என்றாள். வாத்தியாரை மாற்றிவிட்டு வேறு வாத்தியாரைப் போடாமல் விட்டது யார், அதனால் பிள்ளைகள் குறைந்தார்கள், குறைந்துவிட்டார்கள் என்று இப்போது மூடுகிறார்கள் என்று கரும்பலகையில் போடுவதுபோல் வரிவரியாகச் சொன்னாள். நாளைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை புறவழிச்சாலையைத் தாண்டிப் போகணும், யார் கையைப் பிடித்துக்கொண்டு போகும் என்று கேட்டாள். நிறுத்தத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை அணைத்தார். போனவர்கள் திரும்பினார்கள். திங்கட்கிழமை பள்ளி வாசலில் உட்காருவது என்று பெண்களே முடிவு சொன்னார்கள். முதல் ஆளாக வருவதாகச் செல்லக்கனி சொன்னாள்.

முத்தரசி இறங்கி வந்தாள். கதிரேசன் தோழர் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டேனே, வந்தால் என்ன சொல்வார் என்று அம்பலவாணனிடம் கேட்டாள்.

"அவர் வரலை. மூட்டுவலியாம். காலையிலேயே போன் பண்ணிட்டார்."

"காலையிலேயே தெரியுமா? தெரிஞ்சுதான் என்னை இவ்வளவு நேரம் இழுத்தடிக்க விட்டீங்களா? சொல்லியிருந்தா ஏறினதுமே விஷயத்தைப் பேசியிருப்பேன்ல?"

"சொல்லியிருந்தா நீ ஏறியே இருக்கமாட்ட."

அவள் வெடுக்கென்று கொடிக்கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

கோபம் தணிந்ததும் குழப்பம் முன்பைவிடக் கூடியது. இந்த ஊரில் வாய் திறக்க ஆள் நீதான், இரு என்கிறாரா? இல்லை, வராத ஆணைக்காக இன்னும் எத்தனை நாள் நின்றுகொண்டிருப்பாய், போ என்கிறாரா? எப்படிப் போட்டாலும் கணக்குச் சரியாக வந்தது. இரண்டு விடை வரும் கணக்குகளை அவளே நடத்தியிருக்கிறாள். ஆனால் அந்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து அதோடு குடித்தனம் நடத்த வேண்டி அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"இருன்னு சொல்றீங்களா தோழர்?"

"நான் சொல்லலை."

"அப்ப போன்னா?"

"அதையும் சொல்லலை."

"நான் போனா படிப்பகம் மூடிரும்லா?"

அம்பலவாணன் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். கை ஒரு கணம் நின்றது.

"மூடிரும்."

அவர் வயரைச் சுருட்டி முடித்து, தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில நான் என்னதான் பதில் சொல்லட்டும்? கூட்டம் முடிஞ்சு சொல்வீங்கன்னுதானே நின்னேன்."

அவர் நோட்டீஸைத் தூணிலிருந்து உரித்து நாலாக மடித்தார்.

"நாளைக்குக் காலையில உன் கூட்டம். அதுக்கும் கதிரேசன் வரமாட்டார், முத்தரசி."